தனுஷ்கோடி இருட்டில் 20 விநாடி! இடிந்த ரெயில் நிலையத்தில் தாயாரை நிற்க வைத்து நட்சத்திரங்களோடு படம் எடுத்த சென்னை குமாஸ்தா

கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில். மாலை 6.40 மணி. கால் வைக்க இடம் இல்லை.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் செல்போனில் ஒரு படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் எட்டிப் பார்த்தார். பல்லாவரம் வருவதற்குள் அந்த போன் ஐந்தாறு கை மாறிவிட்டது!

"இது எந்த சினிமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"சினிமா இல்லை சார். எங்க அம்மா" என்றார் போன்காரர்.

படத்தில் ஒரு இடிந்த சுவர். சுவர் ஓரமாக வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தலைக்கு மேலே வானம். அந்த வானத்தில் நட்சத்திரம் என்று ஒன்று இரண்டு அல்ல. உப்பு மூட்டை கிழிந்து கொட்டியதுபோல கொட்டிக் கிடக்கிறது! நடுவில் பால் சிந்தியது மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை, தெற்கிலிருந்து உச்சி வானம் வரை ஓடுகிறது.

இடம்: தனுஷ்கோடி. நாள்: 2024 ஆகஸ்டு 4, ஆடி அமாவாசை. நேரம்: இரவு 8.50.

"பேர் போடாதீங்க சார்!"

படம் எடுத்தவர் பாரிமுனையில் ஒரு காகித மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. வயது 42. குரோம்பேட்டையில் வாடகை வீடு. மனைவி, ஒரு பெண் குழந்தை, தாயார்.

"பேர் போடாதீங்க சார். கடையில் கிண்டல் பண்ணுவாங்க" என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

அவரோடு குரோம்பேட்டையில் இறங்கினோம். வீட்டுக்கு அழைத்துப் போனார். தாயார் காபி போட்டுக் கொடுத்தார். படத்தில் நிற்கும் அதே அம்மாள்தான்! சென்ற ஆண்டு 67 முடிந்ததாம்.

கூடத்து சுவரில் அந்தப் படம் பெரிசாக மாட்டியிருக்கிறது. கீழே ஒரு சின்ன விளக்கு எரிகிறது. மற்ற வீடுகளில் தாத்தா, பாட்டி படம் மாலையோடு தொங்குமே, அந்த இடம்!

ஏன் இப்படி என்று கேட்டோம். இருவருமாகச் சொன்ன கதை இது.

அமாவாசைக்குக் காத்திருக்கும் ஆட்கள்

ஊரெல்லாம் பவுர்ணமிக்கு கிரிவலம் போகும். அமாவாசை எப்போது வரும் என்று காலண்டரைப் புரட்டும் ஒரு கூட்டமும் சென்னையில் இருக்கிறது. மந்திரம், மாந்திரீகம் என்று நினைக்க வேண்டாம். காமிராக்காரர்கள்!

நிலா இருந்தால் வானம் வெளுத்துவிடும். சின்ன நட்சத்திரம் எல்லாம் மறைந்துவிடும். அதனால் இவர்களுக்கு அமாவாசை இருட்டுதான் பண்டிகை. சனிக்கிழமை கடை அடைத்ததும் காமிராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஏதாவது ஒரு பாழடைந்த கோட்டை, மலைப் பாறை, ஏரிக்கரை. அதை முன்னால் வைத்து, பின்னால் வானத்தை வைத்து படம் எடுப்பார்கள்.

வெறும் வானத்தை எடுத்தால் என்ன? நமது குமாஸ்தா கூறியதாவது:-

"வெறும் நட்சத்திரம் எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும். கீழே ஒரு சுவரோ, பாறையோ இருந்தால்தான் அது எந்த ஊர் வானம் என்று தெரியும். மனுஷன் கட்டினது இடிஞ்சு கிடக்குது. மேலே இருக்கிறது அப்படியே இருக்குது. அதை ஒரே சட்டத்துக்குள் பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும்."

அவர் முதலில் எடுத்தது செஞ்சிக்கோட்டை. கோட்டைக்குள் அல்ல, ரோட்டு ஓரத்தில் நின்று ராஜகிரி மலையை எடுத்தார். காமிரா பழசு, கைமாறி வந்தது. அதற்கே 11 மாதம் சீட்டு கட்டினாராம்.

அந்தப் படத்தைத் தாயாரிடம் காட்டினார். அவர் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இதே மாதிரி எங்க ஊரை எடுத்துக் குடுப்பியாடா?"

போட்டோ இல்லாத அப்பா

அம்மாளின் ஊர் தனுஷ்கோடி. அவருடைய அப்பா அங்கே ரெயில் நிலையத்தில் போர்ட்டர்.

இன்று தனுஷ்கோடி என்றால் இடிந்த மாதா கோவிலும், மணல் மேடும், சங்கு மாலை விற்கும் கடைகளும்தான் நினைவுக்கு வரும். அன்று அப்படி இல்லை. எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் நேரே தனுஷ்கோடி. ரெயிலை விட்டு இறங்கினால் கப்பல். கப்பல் தலைமன்னாரில் விடும். அங்கிருந்து மறுபடி ரெயிலில் கொழும்பு! இதற்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து இந்தப் போக்குவரத்து நடந்தது. 'இர்வின்', 'கோஷன்' என்ற கப்பல்களின் பெயர் பழைய ஆட்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோவில், ரெயில்வே குடியிருப்பு எல்லாம் இருந்த ஊர். ரெயிலுக்கும் கப்பலுக்கும் நடுவே மூட்டை சுமந்து பிழைத்த குடும்பங்கள் பல. அதில் ஒன்று இந்த அம்மாளின் குடும்பம்.

பெற்ற தாய் முன்பே காலமாகிவிட்டார். 1964 டிசம்பரில் அம்மாளுக்கு 7 வயது. ராமநாதபுரத்திலிருந்து அத்தை வந்து, "பிள்ளை நாலு நாள் என்கூட இருக்கட்டும்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அம்மாள் கூறியதாவது:-

"எங்கப்பாதான் ரெயிலேத்தி விட்டாரு. என்னைத் தூக்கி உள்ளே வெச்சு, 'கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்க தாயி, கையை விட்டுறாதே'ன்னு சொன்னாரு. ரெயில் கிளம்பினப்புறமும் அங்கேயே நின்னாரு. தலையில சிவப்புத் துண்டு. அதுதான் எனக்குத் தெரியும். முகம் தெரியலை. எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். முகம் வரமாட்டேங்குது. போட்டோ எடுத்து வெச்சுக்கற வசதி எங்களுக்கு ஏது?"

அந்த இரவு

1964 டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவு. அந்தமான் பக்கம் உருவான புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. கடல் சுவர்போல எழுந்து ஊருக்குள் புகுந்தது.

பாம்பனில் இருந்து இரவு 11.55-க்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரெயில் தனுஷ்கோடிக்கு அருகில் வந்துகொண்டிருந்தது. 100-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஊர் வந்து சேர இன்னும் கொஞ்ச தூரம்தான். பேரலை ரெயிலை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. ஒருவர்கூட பிழைக்கவில்லை!

இந்தியா, இலங்கை இரண்டிலும் சேர்த்து அந்தப் புயலுக்கு சுமார் 1,800 பேர் பலியானதாகச் சொல்லப்படுகிறது. பாம்பன் பாலமும் உடைந்தது. கப்பலுக்காகத் திறந்து மூடும் நடுப் பகுதி தப்பியது. பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ மூலம் பெயர் பெற்ற என்ஜினீயர் ஸ்ரீதரன், அந்தப் பாலத்தை 46 நாளில் சரி செய்து ரெயில் விட்டார்.

ரெயில் ராமேசுவரம் வரை வந்தது. தனுஷ்கோடிக்கு வரவே இல்லை. மக்கள் குடியிருக்கத் தகுதி இல்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. 2019 மார்ச்சில் மறுபடி தண்டவாளம் போட அடிக்கல் நாட்டினார்கள். ரெயில் வரவில்லை.

அம்மாளின் அப்பா உடல் கிடைக்கவில்லை. வீடு இருந்த இடம் இன்று கடல். மிச்சம் இருப்பது ரெயில் நிலையத்தின் உடைந்த சுவர்களும், தண்ணீர்த் தொட்டியும்தான்.

"அப்பா நின்ன இடம் அது ஒண்ணுதானே. சுவர் நாளைக்கு விழுந்துட்டா அதுவும் போச்சு. அதுக்குத்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் அம்மாள்.

பகலில் எடுத்தால் ஆகாதா? பகலில் எடுத்துப் பார்த்தாராம் மகன். சுவருக்கு முன்னால் இளநீர் வண்டி, குடை, செல்பி எடுக்கும் கூட்டம். "இது எங்க ஊர் இல்லை" என்று சொல்லிவிட்டார் தாயார்.

வாசலில் நிறுத்தினார்கள்

தனுஷ்கோடிக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ரோடு திறந்தார்கள். அதற்குப் பிறகு பகலில் பஸ்சும் காரும் சாரிசாரியாகப் போகின்றன. ஆனால் பொழுது சாய்ந்தால் வெளியூர் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. 'பெண் கடல்', 'ஆண் கடல்' என்று சொல்வார்கள். ஆடிக் காற்றில் ஆண் கடல் சும்மா இருக்காது. இருட்டில் ஒருவர் தவறி விழுந்தால் கேட்க நாதி இல்லை. இலங்கை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் காவலும் கடுமை.

குமாஸ்தா முதல் வருஷம் விவரம் தெரியாமல் போய்விட்டார். சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

"காமிரா எதுக்கு? ஸ்டாண்டு எதுக்கு? ராத்திரியில என்ன படம்?" என்று கேட்டார்கள். நட்சத்திரம் என்று சொன்னார். நம்பவில்லை!

"திருட்டுத்தனமாக உள்ளே போய் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னாங்க சார். நான் போகலை. எங்க தாத்தா நின்ன இடத்துக்கு நான் திருடன் மாதிரி போகணுமா?" என்றார் குமாஸ்தா.

ஊருக்குத் திரும்பி மனு எழுதினார். ஒரு ஆபீசில் இருந்து இன்னொரு ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். அடுத்த வருஷமும் போனது. மூன்றாவது வருஷம் மனுவோடு தாயாரையும் அழைத்துப் போனார்.

அம்மாள் எதிரே இருந்த அதிகாரியிடம் சொன்னது இவ்வளவுதான்:- "எங்கப்பா அந்த ஸ்டேஷன்ல போர்ட்டரா இருந்தாருங்க ஐயா. ஒரே ஒரு போட்டோ."

இரவு 9.30 மணிக்குள் திரும்பிவிட வேண்டும், ஊர் மீனவர் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும், கடல் ஓரம் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டு கையெழுத்து ஆனது.

எள்ளும் தண்ணீரும்

ஆடி அமாவாசை அன்று ராமேசுவரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை. அக்னி தீர்த்தக் கரையில் எள் போட்டால் எள் விழாது. செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஊர் ஊராக வந்து நிற்பார்கள்.

2024-ல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்போது பாம்பன் பாலத்தில் ரெயில் ஓடவில்லை. பழைய பாலம் பலவீனமாகி 2022 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். தாயும் மகனும் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி விடிய விடிய உட்கார்ந்து வந்து சேர்ந்தார்கள். காலையில் பேரன், பார்க்காத தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்தார். மாலையில் தனுஷ்கோடிக்குப் போனார்கள்.

கூட்டம் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இவர்கள் மட்டும் எதிரே போனார்கள்.

துணைக்கு வந்த மீனவர், "ஆத்தா, நீங்க இந்த ஊரா? எங்க பெரியாத்தாளும் அந்தப் புயல்லதான் போச்சு" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை.

6.35 மணி வாக்கில் சூரியன் இறங்கியது. ஆனால் உடனே இருட்டிவிடாது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால்தான் வானம் முழுசாகக் கறுக்கும். 8 மணிக்கு மேலே பார்த்தார் அம்மாள்.

"ஆத்தாடி!" என்றாராம்.

"சின்ன வயசில இப்படித்தான் இருக்கும். பாய் விரிச்சு படுத்துக்கிட்டு எண்ணுவோம். கிரோம்பேட்டையில என்ன தெரியுது? டவர் லைட்டுதான் தெரியுது. இதெல்லாம் இன்னும் இருக்குதுன்னே மறந்துட்டேன்" என்று நம்மிடம் சொன்னார்.

"அசையாதே அம்மா!"

இரவில் படம் எடுப்பது எப்படி? 'கிளிக்' என்று அமுக்கினால் வராது. வெளிச்சம் மிகவும் குறைவு. அதனால் காமிராவின் கண்ணை 20, 25 விநாடி திறந்தே வைக்க வேண்டும். அத்தனை நேரமும் காமிரா இம்மி அசையக் கூடாது. கையில் பிடிக்கவே கூடாது. ஸ்டாண்டில் பூட்டி, தானாக அமுங்கும்படி 'டைமர்' வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

அதிக நேரம் திறந்தாலும் தப்பு. பூமி சுற்றுகிறது அல்லவா? ஒரு மணிக்கு 15 டிகிரி. அதனால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துவிடும். இதற்கு ஒரு வாய்க் கணக்கு இருக்கிறது. 500-ஐ லென்சின் மில்லி மீட்டரால் வகுத்தால் வருவதுதான் அதிகபட்ச விநாடி. 20 மி.மீ. லென்ஸ் என்றால் 25 விநாடி. குமாஸ்தா 20 விநாடி வைத்தார். லென்ஸ் வாயை அகலமாகத் திறந்து எப் 2.8. ஐ.எஸ்.ஓ. 3,200.

காமிரா தெற்கே பார்த்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் இரவு 9 மணிக்குத் தெற்கு வானத்தில் பால்வெளியின் நடுப்பகுதி நன்றாக உயர்ந்து நிற்கும். நாம் ஜாதகத்தில் சொல்கிற கேட்டையும் மூலமும் அந்தப் பக்கம்தான். சிவப்பாக ஒன்று மின்னினால் அது கேட்டை.

ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. ஸ்டாண்டின் காலை நீட்டாமல் குட்டையாக வைத்தார். அதன் நடுவில் மணல் நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிட்டார். லென்சில் உப்புத் துளி படியப் படியத் துடைத்தார்.

பிறகு தாயாரைச் சுவர் ஓரமாக நிற்க வைத்தார்.

"அம்மா, 20 விநாடி அசையாதே. மூச்சுகூட மெல்ல விடு. அசைஞ்சா உருவம் கலைஞ்சு ஆவி மாதிரி விழுந்துரும்."

முதல் படத்தில் மேகம் வந்துவிட்டது. இரண்டாவதில் அம்மாள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினார், முகம் கலைந்தது. மூன்றாவதில் காற்று ஸ்டாண்டை ஆட்டிவிட்டது.

மணி 8.50. நாலாவது படம்.

மகன், சின்ன டார்ச் லைட்டைக் கைக்குட்டையில் சுற்றி, சுவரில் அடிக்காமல் மணலில் அடித்தார். இரண்டே விநாடி. மணலில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் சுவரையும் அம்மாளையும் லேசாகத் தொட்டது. பிறகு அணைத்துவிட்டார். மிச்சம் 18 விநாடியும் நட்சத்திர வெளிச்சம்தான்.

அந்தப் படம்தான் இப்போது கூடத்தில் தொங்குகிறது. அம்மாள் அசையாமல் இருக்கிறார். சேலைத் தலைப்பு மட்டும் காற்றில் பறந்து புகை மாதிரி விழுந்திருக்கிறது.

அந்த 20 விநாடியில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டோம்.

"என்னத்தை நினைக்கிறது! அசையக் கூடாதுன்னு சொல்லிட்டான். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு நின்னேன். 14 வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ண மறந்துட்டேன்" என்றார்.

26 ஆயிரம் வருஷத்து வெளிச்சம்

படத்தில் தெரியும் பால் பட்டை என்ன? அது மேகம் அல்ல. நமது சூரியனும் அடங்கிய நட்சத்திரக் கூட்டம். பத்தாயிரம் கோடிக்கு மேல் நட்சத்திரங்கள் இதில் இருக்கின்றன. அதன் மையம் சுமார் 26 ஆயிரம் ஒளியாண்டு தூரம். அதாவது அங்கிருந்து இன்று வந்து சேரும் வெளிச்சம், 26 ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிளம்பியது!

60 ஒளியாண்டு தூரத்து நட்சத்திரம் என்றால், அதன் வெளிச்சம் 1964-ல் கிளம்பி 2024-ல் வந்து சேரும். இதைத் தாயாரிடம் சொன்னாராம் மகன்.

"ரெயில் அவ்வளவு லேட்டா?" என்று கேட்டாராம் அம்மாள்!

சென்னையில் ஏன் தெரியவில்லை?

இதே வானம்தானே சென்னைக்கும்? இங்கே ஏன் தெரியவில்லை?

காரணம் நம் விளக்குகள். தெரு விளக்கு, கடை போர்டு, கல்யாண மண்டப சீரியல் பல்பு எல்லாம் கீழே மட்டும் அடிப்பதில்லை, மேலேயும் அடிக்கிறது. அந்த வெளிச்சம் காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, வானம் முழுக்க ஒரு வெள்ளைப் போர்வை போர்த்திவிடுகிறது. இப்போது எங்கும் வந்துவிட்ட வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீல நிறம் கலந்திருக்கிறது. நீலம்தான் அதிகம் சிதறும். மின்சாரம் மிச்சம், வானம் நஷ்டம்!

தமிழ்நாட்டிலேயே இருட்டைத் தேடிப் போய் ஒரு ஆராய்ச்சி நிலையம் கட்டினார்கள். வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று கண்டறிந்தபோது, காவலூர் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. ஊர்கள் வளர வளர அங்கேயும் வெளிச்சம் ஏறுகிறது என்பதே விஞ்ஞானிகளின் கவலை. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தைச் சுற்றி 2022-ல் இருட்டுக் காப்பகம் என்றே அறிவித்துவிட்டார்கள். புலிக்குக் காப்பகம் மாதிரி இருட்டுக்கும் காப்பகம்!

தனுஷ்கோடி படத்திலும் மேற்குப் பக்கம் ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. ராமேசுவரம் நகரத்து வெளிச்சம். கடலில் மீன்பிடி படகுகளின் விளக்குகள் தனி. ரோடு வந்த பிறகு கடைகளும் வந்துவிட்டன. நாளைக்கு ரோடு முழுக்க விளக்குக் கம்பம் வந்தால் இந்தப் படம் எடுக்க முடியாது.

மனுஷனுக்கு மட்டும் அல்ல கஷ்டம். பனிக்காலத்தில் தனுஷ்கோடி பக்கம் பூநாரைக் கூட்டம் வருகிறது. 2025 ஜூனில் இங்கே 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியைப் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. பறவைக்கும் ராத்திரி என்றால் இருட்டுதான் வேண்டும்.

விளக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விளக்குக்கு மேலே தொப்பி மாதிரி மூடி போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழும், வானத்துக்குப் போகாது. கடை அடைத்தபின் போர்டு விளக்கை அணைத்தால் கரண்ட் பில்லும் குறையும். கடைக்காரர்கள் யோசிக்கலாமே!

நீங்களும் எடுக்கலாம்

பெரிய காமிரா இருந்தால்தான் முடியும் என்பதில்லை. இப்போது வரும் பல செல்போன்களில் இரவுப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. ஸ்டாண்டு மட்டும் அவசியம். குமாஸ்தா சொல்லும் யோசனைகள்:-

அமாவாசையை ஒட்டி நாலைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். பால்வெளி மையம் பங்குனி, சித்திரையில் விடியற்காலையிலும், ஆடி, ஆவணியில் முன்னிரவிலும் நன்றாகத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் அது சூரியனோடு சேர்ந்துவிடும், தேட வேண்டாம்.

பகலிலேயே போய் இடத்தைப் பார்த்துவிடுங்கள். கிணறு, பள்ளம், பாம்புப் புற்று எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

காமிராவில் தானே 'போக்கஸ்' பிடிக்கும் வசதி இருட்டில் ஏமாற்றிவிடும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிசாக்கி, கையால் திருப்பி, அது சின்னப் புள்ளியாகும் வரை சரி செய்யுங்கள்.

நட்சத்திரம் வட்டம் வட்டமாகச் சுற்றும் படம் வேண்டுமா? வடக்கே திருப்பி, மணிக்கணக்கில் வரிசையாக எடுத்து ஒன்று சேர்க்க வேண்டும். துருவ நட்சத்திரத்தைச் சுற்றித்தான் எல்லாம் ஓடும். அது சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில் இருக்கும். தனுஷ்கோடியில் 9 டிகிரிதான். கடலை ஒட்டி நிற்கும்.

முக்கியமானது ஒன்று. மாமல்லபுரம், செஞ்சி போன்றவை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்தி சாய்ந்தபின் கோட்டைக்குள் நுழையக் கூடாது. பகலில்கூட ஸ்டாண்டு வைத்து எடுக்கத் தனி அனுமதி வேண்டும். ரோட்டில் நின்று எடுத்தால் மலையும் வானமும் ஒன்றாக விழும், அதுவே போதும்.

சுவரில் ஏறாதீர்கள். கல்லைப் பெயர்க்காதீர்கள். பெயரைச் செதுக்காதீர்கள். தனுஷ்கோடி சுவர்களில் பல, கடலில் கிடைத்த பவளக் கல்லால் கட்டியவை. உப்புக் காற்று தின்றது போக மிச்சம் நிற்கிறது. நாம் வேறு கை வைக்க வேண்டுமா?

அடுத்த முறை

2025 ஏப்ரல் 6-ந் தேதி பாம்பனில் புதிய பாலம் திறந்து, தாம்பரத்தில் இருந்தே ராமேசுவரத்துக்கு ரெயில் விட்டுவிட்டார்கள். குரோம்பேட்டைக்காரருக்கு ரொம்ப வசதி!

"மறுபடியும் போவீர்களா?" என்று கேட்டோம்.

"போகணும் சார். இந்தப் படத்தில் இடது பக்கம் மேலே ஒரு கல் துருத்திக்கிட்டு நிற்குது பாருங்க. போன மாசம் ஒருத்தர் பகலில் எடுத்து அனுப்பின படத்தில் அந்தக் கல் இல்லை. விழுந்திருச்சு. என் பொண்ணுக்கு அடுத்த வருஷம் 7 வயசு. அவளையும் அம்மாவையும் சேர்த்து நிறுத்தி ஒண்ணு எடுக்கணும். அதுவரைக்கும் சுவர் நிற்கணும்" என்றார் மகன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, பாட்டியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் 20 வரைக்கும் அசையாம நிப்பேன் பாட்டி!" என்றாள்.

"பார்க்கலாம்" என்றார் அம்மாள். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.